பந்தலூரா, கூடலூரா?

கேள்வி: நாங்கள் சேரங்கோடு ஊராட்சி. ஒரு காகிதத்தில் பந்தலூர், இன்னொன்றில் கூடலூர் என்று வருகிறதே, எது சரி? நீலகிரியில் ஜனத்தொகை குறைந்தது உண்மையா?

பதில்: இரண்டும் சரிதான். வருவாய்த் துறைக்கு நீங்கள் பந்தலூர் தாலுகா. ஊரக வளர்ச்சிக்குக் கூடலூர் ஊராட்சி ஒன்றியம். மாவட்டத்தில் தாலுகா ஆறு (உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர்). ஒன்றியமோ நான்குதான், குந்தாவுக்கும் பந்தலூருக்கும் தனி ஒன்றியம் கிடையாது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

பட்டா, சாதி, வருமானச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம். வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்குக்கு ஊராட்சி. அதற்கு மேல் ஒன்றிய பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்). இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது ஊராட்சியின் பெயரைச் சொல்லாதீர்கள், பட்டாவில் உள்ள வருவாய் கிராமத்தின் பெயரைச் சொல்லுங்கள். மாறிப்போனால் மனு வேறு வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) போய் நிராகரிக்கப்படலாம். பாவம், எத்தனையோ பேர் இதனாலேயே கூலி நாளை இழந்து மறுபடியும் மலை இறங்கி ஏறுகிறார்கள்.

ஜனத்தொகை குறைந்தது உண்மை. 2001 கணக்கெடுப்பில் 7,62,141, 2011இல் 7,35,394.