பெரியம்மா போல உழைத்தால் பணம் சேருமா?

கேள்வி: எனக்கு வயது 34. சம்பளம் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. என் பெரியம்மா முப்பது வருடங்களாகத் தையல் கடை நடத்துகிறார். பெரியப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் பெரியம்மாவின் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் ஓடியது. ராத்திரி பதினொரு மணிக்கும் மெஷின் சத்தம் கேட்கும். இன்று கடை இருக்கும் கட்டடம் அவருடையது, மாடியிலிருந்து வாடகை வருகிறது, வங்கியிலும் பணம் இருக்கிறது, கடன் கிடையாது. இப்போது கண் பார்வை குறைந்துவிட்டதால், "நீ எடுத்து நடத்துகிறாயா, இல்லை விற்றுவிடவா?" என்று கேட்கிறார். எனக்குத் துணி வெட்டக்கூடத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? அவரைப் போல் உழைத்தால் நானும் அந்த நிலைக்கு வருவேனா? அவருடைய பழைய கூலி நோட்டுகளைப் புரட்டினேன். வாரா வாரம் தையல்காரர்கள் பெயரும் கொடுத்த தொகையும் இருக்கின்றன. எல்லாப் பக்கத்திலும் கடைசி வரியில் 'நான்' என்று எழுதி ஒரு தொகை போட்டிருக்கிறார். அது எதற்கு என்று தெரியவில்லை.

பதில்: அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. பெரியம்மா தனக்குத் தானே கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறார். சிறு கடை வைத்திருப்பவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. கல்லாவில் விழுந்ததெல்லாம் தன் பணம் என்று நினைத்து, வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகள் ஃபீஸுக்கும் அதிலிருந்தே கை போட்டு எடுப்பார்கள். வருடக் கடைசியில், "வியாபாரம் நல்லாத்தான் போகுது, காசுதான் எங்கே போகுதுன்னு தெரியல" என்பார்கள். உங்கள் பெரியம்மா தன்னையும் கடையில் வேலை செய்யும் ஓர் ஆளாகவே வைத்துக்கொண்டார். அந்தக் கூலிக்குள் வீடு ஓடியிருக்க வேண்டும். கூலி போக மிஞ்சியது கடையின் பணம், அதில் அவர் கை வைத்திருக்க மாட்டார்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடைக்கு மாதம் 100 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம், மின்சாரம், நூல், பட்டன், மெஷின் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 30. தையல்காரர்கள் கூலி 35. மீதி 35 நிற்கிறது. பார்க்கிறவர்கள் இதைத்தான் லாபம் என்பார்கள். ஆனால் அளவெடுப்பது, கட்டிங், கடைசியில் உருப்படியைத் திருப்பிப் பார்த்துக் குறை சரிசெய்வது எல்லாம் பெரியம்மா செய்கிறார். அந்த வேலைக்கு ஒரு கட்டிங் மாஸ்டரை வைத்தால் 25 கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, உண்மையான லாபம் 10தான். மற்ற 25 அவருடைய உழைப்புக்கான சம்பளம், அவ்வளவே. கட்டடமும் வங்கிப் பணமும் அந்த 10-லிருந்து வந்தவை.

எனவே, உழைத்தால் நானும் அந்த நிலைக்கு வருவேனா என்றால், உழைப்பை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல மாட்டேன். ராத்திரி பதினொரு மணி வரை மெஷின் மிதித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் ஒரு நாளில் இத்தனை உருப்படிதான் தைக்க முடியும் என்று ஓர் எல்லை இருக்கிறது. உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டில் உட்கார்ந்தவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் கை நின்ற அன்று வருமானமும் நிற்கும். பெரியம்மாவுக்குக் கண் மங்கியும் வருமானம் நிற்கவில்லையே, அதைக் கவனியுங்கள். அவர் உட்காராத இடத்திலிருந்தும் பணம் வரும்படி, அந்தப் பத்தை வருடக்கணக்காக வெளியே எடுத்து வைத்திருக்கிறார்.

தையல் தொழிலுக்கே ஒரு வசதி இருப்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் துணி வாடிக்கையாளருடையது. சரக்கு என்று பார்த்தால் நூல், பட்டன், லைனிங், கேன்வாஸ், இவ்வளவுதான். அளவெடுக்கும்போதே பாதிப் பணம் முன்பணமாக வாங்கிவிடலாம். ஆகவே தொழிலில் முடங்கிக் கிடக்கும் பணம் குறைவு. மளிகைக் கடையோ ஜவுளிக் கடையோ வைத்திருந்தால் லாபத்தில் பெரும்பகுதி அலமாரியில் சரக்காக உட்கார்ந்திருக்கும். சிக்கல் வருவது மொத்த ஆர்டரில். ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை என்றால் துணியையும் நாமே வாங்க வேண்டும், கூலி வாரா வாரம் போகும், பில் பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். ஆர்டர் குவிந்திருக்கும்போதே கூலி கொடுக்கக் காசில்லாமல் மூடிய கடைகளைப் பார்த்திருக்கிறேன். பெரியம்மா மொத்த ஆர்டர் எடுத்தாரா, எடுத்தால் முன்பணம் எவ்வளவு கேட்டார் என்று அவரிடம் கேளுங்கள். கடன் இல்லாமல் முப்பது வருடம் ஓட்டியவரிடம் இதற்கு ஏதாவது கறாரான விதி இருந்திருக்கும்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கடையும் கட்டடமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்தத் தெருவில் ஜன நடமாட்டம் குறைந்தால் வியாபாரமும் விழும், மாடி வாடகையும் விழும், கட்டடத்தின் விலையும் விழும். வங்கியில் பணம் இருப்பது நல்லது, ஆனால் மொத்தமும் அங்கேயே கிடந்தால் விலைவாசி அதைத் தின்னும். அப்புறம் அந்தப் பதினொரு மணி. மெஷின் தேய்மானத்துக்கு அவர் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கக்கூடும். கண் தேய்மானத்தை எந்த நோட்டிலும் எழுதியிருக்க மாட்டார். பின்னால் உட்கார்ந்து கணக்குச் சொல்வது எனக்குச் சுலபம்தான். ஆனாலும் ஓர் ஆளைக் கூடுதலாக வைத்து ஒன்பது மணிக்குக் கடை சாத்தியிருந்தால், இன்னும் பத்து வருடம் அவரே நடத்தியிருப்பாரோ என்னவோ.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். நீங்களும் கல்லாவில் கை போடும் கடைக்காரர் மாதிரிதான் வாழ்கிறீர்கள். சம்பளம் கணக்கில் விழுகிறது, அதிலிருந்தே எல்லாம் போகிறது, மிஞ்சினால் சேமிக்கலாம் என்கிறீர்கள், மிஞ்சுவதில்லை. பெரியம்மாவின் வரியை நீங்கள் தலைகீழாக எழுத வேண்டும். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கு தானாக வேறு கணக்குக்குப் போய்விடட்டும், மீதிதான் உங்கள் கூலி. முதலில் பத்தில் ஒரு பங்கு போதும். ஒவ்வொரு சம்பள உயர்விலும் பாதியை அதில் சேருங்கள். ஆனால் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள், அதைவிட நல்ல முதலீடு உங்களுக்குக் கிடைக்காது. அதன் பிறகு மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எப்போதும் எடுக்கும்படி வையுங்கள். முதலீடு எல்லாம் அதற்கு அப்புறம்.

கார்டு பாக்கியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று சுமாராகத் தெரியும். வருடம் 8 சதவீதம் என்றால் 9 வருடம். 36 சதவீத வட்டியில் நிற்கும் பாக்கி இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், சும்மா கிடக்கும் பணத்தின் மதிப்பு 12 வருடத்தில் பாதியாகிவிடும். (இந்த 72 கணக்கு, 1494-ல் வெனிஸில் அச்சான லூக்கா பசியோலியின் கணித நூலிலேயே வருகிறது. வியாபாரிகளின் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையும் அதே நூலில்தான் விளக்கப்பட்டிருக்கிறது.)

உங்கள் வயதில் இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். மாதம் 1 வீதம் முப்பது வருடம் போட்டு, வருடத்துக்கு 8 சதவீதம் மாதக் கூட்டு வட்டியில் வளர்ந்தால், போட்டது 360, கையில் வருவது சுமார் 1,490. அதில் முதல் பத்து வருடம் போட்ட 120 மட்டுமே சுமார் 900 ஆகியிருக்கும். அடுத்த இருபது வருடம் போட்ட 240 சேர்த்துக் கொடுப்பது 590 அளவுக்குத்தான். 8 சதவீதம் என்பது உதாரணத்துக்காக எடுத்தது, யாரும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. வட்டி குறைந்தால் வித்தியாசமும் குறையும், ஆனால் எந்த வட்டியிலும் முன்னால் போடும் பணத்துக்குத்தான் பலம் அதிகம். நீங்கள் 44-ல் ஆரம்பித்தால் அந்த 900-ஐ விட்டுவிட்டு மீதிக்காக ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, கடையை எடுப்பதா? வேலையை விட்டுவிட்டு எடுக்க வேண்டாம். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். உங்களுக்குக் கட்டிங் தெரியாது, அதனால் 25 கட்டிங் மாஸ்டருக்குப் போய்விடும். உங்களுக்கு நிற்பது 10. கடை இப்போது சொந்தக் கட்டடத்தில் இருப்பதால் இன்னும் கூடுதலாக நிற்பதுபோல் தோன்றும். அது பெரியம்மாவுக்குச் சேர வேண்டிய வாடகை, உங்கள் லாபம் இல்லை. அவருக்கு இனி அதுதான் சோறு, அதில் நீங்கள் பங்கு கேட்கக் கூடாது. அந்த 10-ஐ உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

விற்பது என்றாலும் கட்டடத்தையும் தொழிலையும் சேர்த்து விற்க வேண்டியதில்லை. கட்டடம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். கடையில் நீண்ட நாளாக இருக்கும் தையல்காரர் யாராவது தொழிலை எடுத்துக்கொள்ளத் தயாரா என்று முதலில் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் வருவது பெரியம்மாவின் கைக்காக. அந்தக் கையோடு பழகியவரிடம் கடை போனால்தான் அவர்கள் தங்குவார்கள். அவரிடம் மொத்தப் பணம் இருக்காது, அதனால் மெஷின்களுக்கும் அளவு நோட்டுக்கும் சேர்த்து ஒரு விலை பேசி, மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். கட்டடத்துக்கு வாடகை தனி. இப்படிச் செய்தால் பெரியம்மாவுக்கு இரண்டு வரவு. தவணை தவறினால் மெஷின்கள் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பழகிய ஆள் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிட வேண்டாம்.

அப்படி யாரும் கிடைக்காமல், உங்களுக்கும் கடை மேல் ஆசை விடவில்லை என்றால், வேலையில் இருந்துகொண்டே ஆறு மாதம் கணக்கு வழக்கை மட்டும் நீங்கள் பாருங்கள். அதற்குள் ஒரு கட்டிங் மாஸ்டரை வைத்து, பெரியம்மா மேற்பார்வை மட்டும் செய்யட்டும். கூலி நோட்டில் அவருடைய வரியையும் நிறுத்தாமல் எழுதுங்கள். எல்லாரும் கூலி வாங்கிய பிறகும், இடத்துக்குச் சரியான வாடகை கழித்த பிறகும் மாதா மாதம் ஏதாவது மிஞ்சினால் மேற்கொண்டு பேசலாம். கடையைப் பற்றி எந்த முடிவு எடுப்பதற்கு முன்பும் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.