தொடரில் வராத அரைமணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஏழு பேர். எல்லோருமே செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் வராத நிலை, உள்ள பிள்ளைகளின் பெற்றோர். இரவில் ஒளிபரப்பாகும் ஒரு குடும்பத் தொடரில் ஒன்பது வயதுப் பையன் வருகிறான். பேச்சில்லை, நடையில்லை, தலையும் சரியாக நிற்பதில்லை. எங்கள் பிள்ளைகளைப் போன்ற ஒருவன் கதைக்குள் வந்துவிட்டான் என்று ஆசையாகத்தான் பார்க்கத் தொடங்கினோம். முதலில் அம்மா அவனை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினாள். பிறகு வலிப்பு வந்தபோது அப்பா ஓடிவந்து பல்லுக்கு நடுவே கரண்டியைச் செருகினார். கடைசியாக, அம்மா மயங்கி விழ, பையன் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு நடந்து வந்து அவளைத் தொட்டான்.

தயாரிப்பாளர்களுக்கு எழுதினோம். "பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள். உங்கள் பிள்ளைகள்மேல் அன்பு கூடத்தானே செய்திருக்கிறது?" என்று பதில் வந்தது. இப்போது எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. டிவியில் காட்டுவதே பெரிது, சும்மா இருப்போம் என்கிறார்கள் சிலர். இன்னொரு சண்டையும் உண்டு. இரவு மூன்று மணிக்குத் தூங்காமல் கிடக்கும் பையனிடம் அப்பா, "உனக்கு நைட் ஷிப்ட்டா? சம்பளத்தை யார்கிட்ட வாங்குறது?" என்று கேட்கும் ஒரு காட்சி. அது எங்களில் பாதிப்பேரைப் புண்படுத்திவிட்டது. நம்பிக்கை தரும்படியாகக் காட்டுங்கள் என்று கேட்டு மறுபடி எழுதலாமா? எப்படி எழுதுவது?

இப்படிக்கு,
ஏழு பெற்றோர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

எழுதுங்கள். ஆனால் 'நம்பிக்கை தரும்படி' என்பதை எடுத்துவிடுங்கள். அந்த நாலு எட்டு நடையை எழுதியவரும் நம்பிக்கை தருவதாக நினைத்துத்தான் எழுதியிருப்பார்.

உங்கள் கடிதம் கிடைத்தபின் அந்தப் பகுதிகளைப் பார்த்தேன். அம்மாவின் முகத்துக்கு எத்தனை குளோசப்! அவள் கை என்ன செய்கிறது என்பதை ஒருமுறைகூடக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அது தப்பாகச் செய்கிறது என்று தெரிந்துபோயிருக்கும். நீங்கள் வருடக்கணக்காகக் கற்ற ஒரு வேலையைத் தொடர் 'தியாகம்' என்கிறது. தியாகத்துக்கு மனசு இருந்தால் போதும், பயிற்சி தேவையில்லை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

ஊட்டும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய்க்குப் போகும் வழி நன்றாகத் திறந்துகொள்கிறது. விழுங்குவதில் கட்டுப்பாடு குறைந்த பிள்ளைக்கு வாயில் வைத்தது விழுங்கத் தொடங்குமுன்பே அந்தப் பக்கம் வழிந்துவிடும். மல்லாக்கப் படுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் உட்காரவைத்து ஊட்டுகிறோம்: இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறைய செங்கோணத்தில், பாதத்துக்கு அடியில் கெட்டியான தாங்கல், தலை நேராக, மோவாய் சற்றே கீழ்நோக்கி. பாதம் தொங்கினால் என்ன என்று கேட்பார்கள். பாதம் ஊன்றவில்லை என்றால் உடம்பு பிடிமானம் தேடி விறைக்கும், அந்த விறைப்பு கழுத்துக்கும் தாடைக்கும் ஏறும். ஊட்டுகிறவர் எதிரே, பிள்ளையின் கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ உட்கார வேண்டும். நின்றபடி ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்தால் மறுபடி அதே ஆபத்துதான்.

கரண்டி சின்னதாக, குழி ஆழமில்லாமல் இருக்க வேண்டும். வாயில் எது பட்டாலும் கடித்துப் பிடிக்கிற அனிச்சை சில பிள்ளைகளுக்கு உண்டு. அவர்களுக்கு உலோகக் கரண்டி பல்லைப் பதம்பார்க்கும், மெல்லிய பிளாஸ்டிக் கரண்டி வாய்க்குள்ளேயே ஒடியும். சிலிக்கோன் போர்த்தியது நல்லது. நாக்கின் நடுவில் வைத்து மெல்லக் கீழே அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்து, நேராக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு மேல்பல்லில் வழித்தெடுத்தால் தலை பின்னால் போகும், உதடும் தன் வேலையைக் கற்காது. கரண்டியைக் கடித்துக்கொண்டால் இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்கக் கடி இறுகும், தாடை தளரக் காத்திருக்க வேண்டியதுதான். குரல்வளை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தபிறகே அடுத்த வாய். இதில் வேடிக்கை என்னவென்றால், எளிதென்று எல்லோரும் நினைக்கும் தண்ணீர்தான் பலருக்கும் மிகவும் கஷ்டம். அது வேகமாக ஓடிவிடுகிறது. கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா, எவ்வளவு கெட்டியாக என்பதெல்லாம் விழுங்குதலைப் பரிசோதிக்கத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் சொல்ல வேண்டியவை.

தொடரில் புரையேறினால் இருமல் வரும், அம்மா முதுகைத் தட்டுவாள். இருமல் வருகிற பிள்ளை ஓரளவு தன்னைக் காத்துக்கொள்கிறது. சத்தமே இல்லாமல் உணவு நுரையீரலுக்குள் இறங்குவதற்குத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். சாப்பாட்டுக்குப் பின் குரல் ஈரமாகக் களகளக்கும், கண் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வேகமாகும். நிமோனியா திரும்பத் திரும்ப வரும். இதையெல்லாம் கவனித்தபடி ஊட்டினால் ஒரு வேளைக்கு அரைமணி நேரம் போகிறது. வழக்கமாகவே 30 நிமிடத்தைத் தாண்டுகிறது என்றால் அதுவே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. சாப்பிட்டபின் இன்னொரு அரைமணி நிமிர்ந்தே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனது மேலே வரும். விளம்பரம் போக ஒரு தொடர்ப்பகுதி இருபது சொச்ச நிமிடம்தான். ஒரு வேளைச் சாப்பாடே அதற்குள் அடங்காது.

உணவு செலுத்த வயிற்றில் நேராகப் பொருத்தும் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் குழாய் வந்தால் ஆள் சாகப்போகிறான் என்று பொருள். உண்மையில் பல பிள்ளைகள் எடை ஏறத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். மருந்துகளை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகச் செலுத்துவது, முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாய் அடைக்காமல் பார்ப்பது எல்லாம் தினப்படி வேலை. குழாய் கழன்று வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். புதிதாகப் போட்ட துளை என்றால் நாமே திரும்பச் செருகவும் கூடாது. யாரை உடனே அழைப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கதாசிரியருக்குப் பரபரப்பு வேண்டுமென்றால் இதில் இல்லாத பரபரப்பா?

கரண்டிக் காட்சி மற்றவற்றைவிட மோசம். இதைப் பார்க்கும் பத்துப் பேரில் ஒருவராவது நாளை தெருவில் யாருக்கோ அதையே செய்வார். வலிப்பின்போது நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. செருகிய பொருளால் பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும், விரலை விட்டால் விரல் கடிபடும். செய்ய வேண்டியவை மிகச் சில: கடிகாரத்தைப் பார், பக்கத்திலிருக்கும் கடினமான பொருட்களை அகற்று, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வை, ஒருக்களித்துப் படுக்கவை, கழுத்தை இறுக்குவதைத் தளர்த்து. கை காலைப் பிடித்து அழுத்தாதே. முழு நினைவு வரும்வரை வாயில் எதுவும், தண்ணீர்கூட, கொடுக்காதே. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, அது அவசரநிலை. மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்திருந்தால், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடும் மிடசோலம் போன்ற மருந்தை அவர் சொன்ன நிமிடத்தில் கொடுத்துவிட்டு உதவியை அழைக்க வேண்டும். பையனுக்கு உடம்பு வெட்டி இழுத்துக்கொண்டிருக்க, அப்பா கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அலறுவதைவிட எவ்வளவு கனமானது! அதை எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்த நடை. 1997இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செரிப்ரல் பால்சி உள்ள பிள்ளைகளின் அசைவுத்திறனை ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். தலையும் சரியாக நிற்காத இந்தப் பையன் ஐந்தாம் நிலை, அதாவது அசைவு மிகமிகக் குறைந்த நிலை. பிள்ளைகள் தங்களுக்கு எட்டக்கூடிய அசைவுத்திறனின் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள்ளாகவே எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலையில் அது இன்னும் சீக்கிரம், மூன்று வயதுக்கு முன்பே. பிறகு செய்யும் பயிற்சியெல்லாம் வலியைக் குறைக்க, மூட்டைக் காக்க, இருப்பதைத் தக்கவைக்க. ஆகவே ஒன்பது வயதில் பாசத்தால் நடை வராது. வராவிட்டால் பரவாயில்லை, பார்த்தவர்கள் நாளைக்கு உங்களிடம் வந்து, "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமோ?" என்பார்கள். அதுதான் வதை.

உண்மையில் என்ன நடந்திருக்கும்? அம்மா தொப்பென்று விழும் சத்தத்தில் பையனின் உடம்பு வில்லாக விறைத்திருக்கும். அதிர்ச்சி தசை இறுக்கத்தைக் கூட்டும். இடுப்பு நாற்காலியில் முன்னால் வழுகும். இடுப்பு வார் சரியான இடத்தில், தொடை மடியும் மடிப்பில், இருந்தால் தப்பித்தான். வயிற்றின்மேல் கட்டியிருந்தால் அடியில் வழுகிக் கழுத்து மாட்டிக்கொள்ளும். (தொடரில் வருவது மருத்துவமனை வராந்தாவில் தள்ளும் மடக்கு நாற்காலி, வார் ஒன்றுமில்லை, துணி இருக்கை தொட்டிலாகத் தொய்கிறது. அதில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு சரிந்து முதுகெலும்பு கோணும்.) இந்த நிலையிலுள்ள பிள்ளைகளின் வாழ்க்கையில் நிஜமாகவே பெரிய திருப்பம் ஒன்று உண்டு. இடுப்பு மூட்டு மெதுவாக நழுவுவது. 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் முதல் நிலைப் பிள்ளைகளில் யாருக்கும் அது இல்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு இருந்தது. வலி தெரியுமுன்பே எக்ஸ்ரேயில் தெரியும். குறித்த இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அறுவை சிகிச்சையா இல்லையா என்று ஒருநாள் முடிவெடுக்க வேண்டும். கணவனும் மனைவியும் சண்டை போட ஒரு காரணம் வேண்டுமென்றால் மாமியாரைக் கூப்பிட வேண்டாம், இது போதும்.

பையன் அம்மாவைக் காப்பாற்றவும் முடியும். தலைச் சாய்ப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பொத்தான் பொருத்தி, "இங்கே வாங்க" என்ற குரலைப் பதிந்துவைத்திருந்தால், விறைப்போடு போராடித் தலையைத் திருப்பி அதை அழுத்தலாம். முதல் முறை தவறும், இரண்டாம் முறை தவறும். நாலு எட்டு நடையைவிட அந்த மூன்றாம் முறை நெஞ்சை அடைக்கும் என்பது என் கணிப்பு.

பேச்சு விஷயத்தையும் விடாதீர்கள். நான் பார்த்த பகுதிகளில் யாருமே அவனிடம் பதிலை எதிர்பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனைப் பற்றி அவன் தலைக்கு மேலே பேசுகிறார்கள். பேச்சில்லாத பிள்ளைக்கு முதலில் வேண்டியது நிச்சயமான ஒரு 'ஆம்', ஒரு 'இல்லை'. மேலே பார்த்தால் ஆம், பக்கத்தில் பார்த்தால் இல்லை என்பதுபோல ஒன்று, வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். ஐந்தில் மறுபடி கேட்டால் அவன் சேர்த்துவைத்த முயற்சி கலைந்து முதலிலிருந்து தொடங்கும். இதைத் திரையில் செய்ய முடியாது என்பார்கள். 2016 முதல் 2019 வரை அமெரிக்காவில் வந்த 'ஸ்பீச்லெஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில், பேச முடியாத பையன் தலையில் பொருத்திய ஒளிமுனையால் சொற்பலகையைச் சுட்டிப் பேசினான். நடித்த மைக்கா ஃபவுலருக்கும் செரிப்ரல் பால்சி உண்டு. தொடரில் அந்தப் பையன் கிண்டலும் செய்தான்.

கிண்டல் என்றதும் உங்கள் சண்டை. நைட் ஷிப்ட் வசனத்தைக் கண்டித்து எழுதாதீர்கள். தொடரிலேயே உண்மையான ஒரே வரி அதுதான். தெய்வக்குழந்தையிடம் யாரும் சம்பளம் கேட்பதில்லை, மகனிடம்தான் கேட்பார்கள். குறை வேறு இடத்தில். வசனத்தைச் சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மூன்று மணிக்கு விழித்திருப்பதற்குக் காரணம் இருக்கும்: தானே புரள முடியாததால் ஒரே பக்கம் மரத்திருக்கும், காலில் தசை இழுத்திருக்கும், மலச்சிக்கலோ எதுக்களிப்போ இருக்கும். அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டே அவர் பையனின் முழங்காலை மடக்கி, தோளோடு இடுப்பையும் பிடித்து மறுபக்கம் புரட்டி, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, குதிகால் சிவந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருந்தால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

கடிதத்துக்கு வருவோம். ஏழு பேரும் தனித்தனியாக அனுப்ப வேண்டாம், ஒரே கடிதம், ஒரு பக்கம். 'எங்கள் மனம் புண்பட்டது' என்று தொடங்கினால் வருத்தம் தெரிவித்து முடித்துக்கொள்வார்கள். பகுதி எண், தேதி, எத்தனையாவது நிமிடம், என்ன காட்டினீர்கள், அதனால் என்ன ஆகும், பதிலாக என்ன காட்டலாம் என்று வரிசையாக எழுதுங்கள். தயாரிப்பு நிறுவனத்தோடு நிறுத்தாமல் ஒளிபரப்பும் சேனலின் புகார்ப் பிரிவுக்கும் பிரதி போகட்டும். பிள்ளைக்குச் சிகிச்சை தரும் நரம்பியல் மருத்துவர் வலிப்புப் பகுதியைப் படித்துக் கையெழுத்திட ஒப்புக்கொண்டால் அதையும் சேருங்கள். படப்பிடிப்புக்கு வந்து ஊட்டுவதையும் தூக்குவதையும் காட்டித்தரத் தயார் என்று எழுதுங்கள், ஆனால் உங்கள் பிள்ளைகளின் வீடியோவை அனுப்பாதீர்கள். கையைவிட்டுப் போனபின் அதை எங்கே ஒட்டுவார்கள் என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

இப்போது எழுதும் கடிதத்தில் கரண்டிக் காட்சி மட்டும் போதும். அடுத்த பகுதியின் தொடக்கத்தில் ஒரு திருத்த அறிவிப்பு, இணையத்தில் இருக்கும் பதிவிலிருந்து அந்தக் காட்சியை நீக்குவது, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதில் அவர்கள் மழுப்புவது கடினம். பதில் வந்தபின் ஊட்டும் காட்சிக்குப் போகலாம்.

அன்புடன்