சி கேள்வி-பதில்: பிரின்ட்எஃப்பும் மூன்று புள்ளியும்

லேப் தேர்வும் கேம்பஸ் இன்டர்வியூவும் சேர்ந்து வரும் நேரம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, சி மொழியில் அச்சடிக்கும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப் பற்றியவை.

தனக்கு எத்தனை ஆர்க்யுமென்ட் வந்திருக்கிறது என்று பிரின்ட்எஃப்புக்கு எப்படித் தெரியும்?
— மாணவி, குரோம்பேட்டை

தெரியாது. எதை எப்படி அச்சடிப்பது என்று சொல்லும் ஃபார்மட் ஸ்டிரிங்கில் எழுதியிருப்பதை அப்படியே நம்பும். முழு எண்ணுக்கான %டி-யை மூன்று தடவை எழுதிவிட்டு இரண்டு எண் கொடுத்தால், மூன்றாவதற்கு ரெஜிஸ்டரிலோ ஸ்டாக்கிலோ கிடப்பதை எடுத்து அச்சடிக்கும். இதைப் பிடிக்கக்கூடியது கம்பைலர்தான். ஜிசிசி கம்பைலரில், எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் -டபிள்யூஆல் போடாமல் எதையும் கம்பைல் செய்யாதீர்கள்.

டபுளுக்கு %எஃப்பா, %எல்எஃப்பா?
— மாணவர், ஆவடி

பிரின்ட்எஃப்பில் இரண்டும் ஒன்றுதான். உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்பில் ஃப்ளோட்டுக்கு %எஃப், டபுளுக்கு %எல்எஃப். மாற்றிப் போட்டால் மெமரி கெடும். இனி எத்தனை ஆர்க்யுமென்ட் வேண்டுமானாலும் வரலாம் என்று ஃபங்ஷன் அறிவிப்பில் போடுவது மூன்று புள்ளி. அதன் வழியாகப் போகும் ஃப்ளோட் தானாகவே டபுள் ஆகிவிடும். ஸ்கேன்எஃப்புக்குப் போவது முகவரி, அது எதுவாகவும் மாறாது.

மூன்று புள்ளியில் வரும் ஆர்க்யுமென்ட்டை எடுக்க, விஏ_ஆர்க்கில் கேரக்டர் என்று டைப் கொடுத்தேன். கம்பைல் ஆனது, ஓடும்போது நின்றுவிட்டது.
— மாணவர், பூந்தமல்லி

மேலே சொன்ன அதே காரணம். கேரக்டரும் ஷார்ட்டும் மூன்று புள்ளியைத் தாண்டும்போது இன்ட் ஆகிவிடும். இன்ட்டாக எடுத்து, பிறகு கேரக்டரில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வரியை எட்டினால் புரோகிராம் நின்றுவிடும் என்று ஜிசிசி கம்பைல் செய்யும்போதே சொல்லியிருக்கும். படித்தீர்களா?

எங்கள் ஜவுளிக்கடை பில்லிங் புரோகிராமில் ஆடி மாதம் ஒரு பில்லில் மட்டும் ஏதேதோ எண் வந்தது. மற்ற நாட்களில் சரியாக ஓடுகிறது. பிரின்டர் கோளாறா?
— கடை உரிமையாளர், தி.நகர்

பிரின்டரில் ஒன்றும் இல்லை. நீங்கள் அனுப்பிய வரியில் சரக்கின் பெயரை நேராக பிரின்ட்எஃப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெயரோடு ‘50% டிஸ்கவுன்ட்’ என்று ஆங்கிலத்தில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். % குறி, ஒரு இடைவெளி, அடுத்து டி என்ற எழுத்து. மூன்றும் சேர்ந்தால் அது முறையான ஃபார்மட். அதனால்தான் 50-க்குப் பிறகு ஒரு குப்பை எண்ணும், முதல் எழுத்து போன ‘இஸ்கவுன்ட்’டும் அச்சாகியிருக்கிறது.

வெளியிலிருந்து வரும் எழுத்தை ஒருபோதும் ஃபார்மட்டாகக் கொடுக்கக் கூடாது. எழுத்துத் தொடருக்கான %எஸ் போட்டு அதற்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்குப் போனது ஒரு பில். 2000-ஆம் ஆண்டு, ஃபைல் பரிமாறும் எஃப்டிபி சர்வர்களுக்குள் வெளியாட்கள் நுழைந்தது இதே ஓட்டை வழியாகத்தான். %என் என்ற ஃபார்மட் அச்சடிக்காது, மெமரியில் எழுதும். அதை அனுப்பியே சர்வரைக் கைப்பற்றினார்கள். எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு எல்லா இடத்திலும் மாற்றச் சொல்லுங்கள்.

சார், புரோகிராம் ஓடவில்லை. உடனே பதில் தேவை.
— பெயர், ஊர் இல்லை

கூடவே வந்தது மொபைலில் சாய்வாக எடுத்த மானிட்டர் படம். அதில் பாதி, ட்யூப்லைட் வெளிச்சம். புரோகிராம் வரிகள் எங்கே, எரர் எங்கே, எந்தக் கம்பைலர்? இருபது வரியைத் தட்டச்சு செய்ய நேரமில்லாதவருக்கு என்னாலும் உதவ முடியாது.

லாக் எழுத ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். ஒரே விஏ_லிஸ்ட்டை முதலில் ஸ்கிரீனுக்கும் அடுத்து ஃபைலுக்கும் விஎஃப்பிரின்ட்எஃப்பில் கொடுக்கிறேன். பழைய 32 பிட் மெஷினில் பல வருடம் ஓடியது. புது சர்வரில் இரண்டாவது வரியில் கிராஷ்.
— மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

நல்ல கேள்வி, முழு விவரத்தோடு வந்திருக்கிறது. மூன்று புள்ளி ஆர்க்யுமென்ட்களில் எதுவரை எடுத்தாயிற்று என்று நினைவு வைப்பது விஏ_லிஸ்ட், அதை வாங்கி அச்சடிப்பது விஎஃப்பிரின்ட்எஃப். 32 பிட் இன்டெல்லில் விஏ_லிஸ்ட் பெரும்பாலும் வெறும் பாயின்டர். ஃபங்ஷனுக்குப் போனது அதன் நகல், உங்கள் கையில் இருந்தது நகரவில்லை. அதனால் பிழைத்தீர்கள். 64 பிட் லினக்ஸில் அது ஒரு உறுப்பு மட்டும் கொண்ட ஸ்ட்ரக்சர் அர்ரே. அர்ரே என்பதால் போவது முகவரி. முதல் விஎஃப்பிரின்ட்எஃப் எவ்வளவு எடுத்ததோ அவ்வளவு உங்களுடையதும் நகர்ந்துவிடும். இரண்டாவது அழைப்பு அந்த இடத்திலிருந்து தொடரும். %எஸ் வந்தால் குப்பையை முகவரி என்று நினைத்துப் போய் விழும்.

முதல் அழைப்புக்கு முன்பே விஏ_காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் தனித்தனியாக விஏ_எண்ட் போடுங்கள். விஏ_காப்பி சி99 ஸ்டாண்டர்டிலிருந்தே இருக்கிறது. அப்புறம் அந்த ஃபங்ஷனுக்கு ஜிசிசியின் ஃபார்மட் ஆட்ரிப்யூட்டும் சேர்த்துவிடுங்கள். சேர்த்தால்தான் -டபிள்யூஆல் பிரின்ட்எஃப்பைச் சோதிப்பதுபோல உங்கள் ஃபங்ஷனையும் சோதிக்கும்.

ஐயா, ஐ-யின் மதிப்பு 5. மூன்று %டி போட்டு ஐ, ஐ++, ++ஐ என்று கொடுத்தால் 7 6 6 வரும், வலமிருந்து இடம் என்று கோச்சிங் சென்டரில் சொன்னார்கள். என் லேப்டாப்பில் 7 6 7 வருகிறது. எது சரி?
— இறுதியாண்டு மாணவர், தாம்பரம்

எதுவும் சரியில்லை தம்பி, கேள்வியே தப்பு. வருடா வருடம் இதே கடிதம் வருகிறது, வருடா வருடம் இதையே எழுதுகிறேன்.

ஆர்க்யுமென்ட்களை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று சி ஸ்டாண்டர்ட் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் கமா வெறும் பிரிப்பான், கமா ஆபரேட்டர் இல்லை. ஒரே மாறியை இடையில் எந்த வரிசையும் இல்லாமல் இரண்டு தடவை மாற்றினால் நடத்தை வரையறுக்கப்படாதது. அதோடு பேச்சு முடிந்தது.

அந்த 7 6 6 வந்தது டர்போ சியிலிருந்து. அந்த 16 பிட் டாஸ் கம்பைலர் ஆர்க்யுமென்ட்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஸ்டாக்கில் தள்ளும். அப்போதுதான் ஃபார்மட் ஸ்டிரிங் எப்போதும் மேலே, தெரிந்த இடத்தில் இருக்கும். மூன்று புள்ளி ஃபங்ஷனுக்கு அது வசதி. ஒரு கம்பைலரின் வசதியை மொழியின் விதி என்று நோட்ஸில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவிட்டார்கள். இன்றைய 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு முழு எண்கள் ரெஜிஸ்டரில் போகின்றன, தள்ளுவதற்கே வேலையில்லை. ஜிசிசி பெரும்பாலும் 7 6 7 தரும், ஏனென்றால் ++ஐ-யின் மதிப்பைக் கடைசியில் படிக்கிறது. இன்னொரு கம்பைலரான கிளாங் இடமிருந்து போய் 5 5 7 தரும். மூன்றுமே விதியை மீறவில்லை, ஏனென்றால் விதியே இல்லை.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், சரியாகப் படித்த பிள்ளைக்குத்தான் இதில் அடி. எழுத்துத் தேர்வில் கொடுக்கும் நான்கு விடைகளில் ‘வரையறுக்கப்படாதது’ என்பது பெரும்பாலும் இருப்பதே இல்லை. இன்டர்வியூவில் கேட்டால் முதலில் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். விடாமல் கேட்டால் டர்போ சி கதையையும் சொல்லுங்கள். -டபிள்யூஆல் போட்டால் ஜிசிசியே இந்த வரியைக் காட்டிக் கொடுக்கும். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, அனுப்பும் முன் ஒரு தடவை அதைப் போட்டுப் பாருங்கள். கேட்பதற்கு நல்ல கேள்விகளா இல்லை? அடுத்த கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரின்ட்எஃப்பில் ‘சென்னை’ என்று தமிழில் அச்சடித்தேன், ரிட்டர்ன் 18 என்கிறது. %-20எஸ் போட்டும் ஊர்ப் பட்டியல் நேராக வரவில்லை.
— மாணவி, கிண்டி

பிரின்ட்எஃப் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். சென்னையில் குறியீடுகள் ஆறு: ச, எகரக் கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் கொம்பு. எழுத்தை பைட்டாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. அதனால் 20 இடத்தில் சென்னைக்குப் பின்னால் கிடைப்பது இரண்டே இடைவெளி. மதுரைக்கு 15 போக ஐந்து. திரையில் கோணல்தான் வரும். தமிழ்ப் பத்தியைக் கடைசியில் வைத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். %.10எஸ் என்று வெட்ட மட்டும் போகாதீர்கள், ஒரு எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும்.

ரிச்சி தெருவில் வாங்கிய அர்டுயினோ ஊனோ. திரைக்குப் பதில் மெமரியில் எழுதும் எஸ்பிரின்ட்எஃப்பில் %எஃப் போட்டால் கேள்விக்குறி வருகிறது. போர்டு டூப்ளிகேட்டா?
— அம்பத்தூர்

போர்டைக் குறை சொல்லாதீர்கள். இடம் மிச்சம் பிடிக்க, அதன் லைப்ரரியில் தசம எண் அச்சடிக்கும் பகுதி விடப்பட்டிருக்கிறது. டிடிஓஎஸ்டிஆர்எஃப் வைத்து முதலில் எழுத்தாக மாற்றி, %எஸ்-இல் கொடுங்கள்.

அளவு சொல்லி மெமரியில் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் 10 பைட் பஃபருக்கு 23 என்று திருப்பித் தருகிறது. தாண்டி எழுதிவிட்டதா?
— வேளச்சேரி

இல்லை. முழுவதும் எழுதியிருந்தால் 23 ஆகியிருக்கும் என்று சொல்கிறது. திரும்பும் எண் பஃபர் அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். முழுசாக வேண்டுமென்றால் முடிவைக் காட்டும் சுழியத்துக்கும் சேர்த்து 24 பைட் ஒதுக்கி மறுபடி கூப்பிடுங்கள். விஷுவல் ஸ்டுடியோ 2015-க்கு முந்தியதில் அடிக்கோட்டோடு தொடங்கும் பதிப்புதான் உண்டு. அது மைனஸ் 1 தரும், முடிவில் சுழியமும் வைக்காது.

சி23 ஸ்டாண்டர்டில், விஏ_லிஸ்ட்டைத் தொடங்கி வைக்கும் விஏ_ஸ்டார்ட்டுக்கு இரண்டாவது ஆர்க்யுமென்ட் வேண்டாமாமே?
— பெரம்பூர்

வேண்டாம். பழைய கம்பைலரிலும் ஓட வேண்டிய புரோகிராம் என்றால் எழுதிவிடுங்கள்.