கிட்டார் தலை இணைப்பு: சாய்வு ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: தயார் பாகங்களாக வந்த ஒரு கிட்டாரைப் பொருத்தி முடித்த அனுபவம் எனக்கு உண்டு. அடுத்து நைலான் தந்தி கிட்டார் ஒன்றைக் கழுத்திலிருந்து நானே செய்ய ஆசை. தலையையும் கழுத்தையும் இணைக்க ‘வி’ இணைப்புதான் மரபு என்கிறார் ஒருவர். மரத்தைச் சாய்வாக அறுத்து ஒட்டும் ஸ்கார்ஃப் இணைப்பு போதும் என்கிறார் இன்னொருவர். ஸ்கார்ஃபை இரண்டு முறை முயன்றேன். முதல் முறை நடுவில் இடைவெளி தெரிந்தது. இரண்டாம் முறை கிளாம்பை முறுக்கும்போதே தலை வழுக்கிக் கோணலாக ஒட்டிக்கொண்டது. எதைக் கற்பது? எங்கே தவறுகிறேன்?

பதில்: ஸ்கார்ஃபையே கற்றுக்கொள்ளுங்கள். இரண்டுமே மரபுதான். ‘வி’ இணைப்பின் மீது எனக்கும் மயக்கம் உண்டு. மியூனிக்கின் கிட்டார் கைவினைஞர் ஹெர்மன் ஹவுசர் அதைக் கையாண்டவர். 1937இல் அவர் செய்த கிட்டாரைத்தான் ஸ்பானியக் கிட்டார் மேதை செகோவியா பல ஆண்டுகள் வாசித்தார். ஆனால் அந்த இணைப்பில் ஒரு துண்டின் வி நாக்கும் மற்றதன் வி வெட்டும் எல்லா முகங்களிலும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஓர் இடத்தில் சீவினால் இன்னோர் இடத்தில் இடைவெளி திறக்கும். ஒரே ஒரு தட்டையான முகத்தைச் சரியாக இழைக்கக் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம். வலிமைக்காக அதைத் தேட வேண்டியதில்லை.

தனித் தலை எதற்கு? தலையைப் பின்னோக்கிச் சாய்த்து ஒரே கட்டையில் அறுத்தால், மர ரேகை கழுத்தோடு நேராக ஓடி, தலை தொடங்குமிடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு நின்றுவிடும். குட்டையான ரேகை எளிதில் பிளக்கும். கிப்ஸன் லெஸ் பால் வகை மின் கிட்டார் சாய்ந்து விழுந்தால் 17 டிகிரி சாய்ந்த அதன் தலை, நட்டுக்கு (கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) சற்று மேலே முறிவது பழுதுபார்ப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி. மரச் செலவும் இருக்கிறது: 200 மி.மீ. நீளத் தலையை 15 டிகிரி சாய்க்க ஒரே கட்டை என்றால் கிட்டத்தட்ட 70 மி.மீ. தடிமன் வேண்டும். ஸ்கார்ஃபுக்கு 20 மி.மீ. பலகை போதும்; தலையிலும் கழுத்திலும் ரேகை முழு நீளத்துக்கு ஓடும்.

அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினும் பழைய நாட்களில் தலையைத் தனியாகச் செய்துதான் கழுத்தில் பொருத்தியது. அதன் டி-28 கிட்டாரின் பின்புறம், தலையும் கழுத்தும் சேருமிடத்தில் வைர வடிவப் புடைப்பு ஒன்று இருக்கும். இணைப்பு போன பிறகும் தங்கிவிட்ட அதன் அடையாளம் அது. மாமல்லபுரத்து ரதங்களில் மரக் கட்டடத்தின் உறுப்புகள் கல்லில் நிற்பதுபோல.

இனி உங்கள் முதல் தவறு. அறுத்த முகத்தை அப்படியே ஒட்டப் பார்த்திருப்பீர்கள், அல்லது இரு துண்டுகளையும் தனித்தனியாக இழைத்திருப்பீர்கள். வாள் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும். மீதி எல்லாம் இழைப்புளியின் வேலை. பலகையின் பக்கவாட்டில் 15 டிகிரி கோடு போட்டு அறுங்கள். 20 மி.மீ. தடிமனுக்குச் சாய்வின் நீளம் சுமார் 77 மி.மீ. வரும். பிறகு தலைத் துண்டைப் புரட்டிக் கழுத்துத் துண்டுக்கு அடியில் வையுங்கள். இரண்டு சாய்வுகளும் சேர்ந்து ஒரே நீண்ட சரிவாகத் தெரியும்படி நகர்த்தி, இரண்டையும் பெஞ்சோடு சேர்த்து இறுக்குங்கள். அடித்துண்டின் கூர்விளிம்புக்குக் கீழே ஒரு வீண் பலகை இருக்கட்டும். இல்லையென்றால் அந்த மெல்லிய நுனி வளைந்து கொடுக்கும், அங்கே முகம் உருண்டுவிடும்.

உயரத்திலிருந்து கூர்விளிம்பை நோக்கி, சரிவில் இறங்குவதுபோல இழைக்க வேண்டும். எதிர்த்திசையில் போனால் ரேகை பிய்ந்து எழும். இழைப்புளியின் இரும்பு நன்றாகத் தீட்டப்பட்டு, மெல்லிய சுருளாக எடுக்க வேண்டும். உருக்கு அளவுகோலை நெடுக்கே, குறுக்கே, இரு மூலைவிட்டங்களிலும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடு மேடாக இருந்தால் இடைவெளி ஓரங்களில் வரும். நடு பள்ளமானால் உங்களுக்கு முன்பு வந்த அதே இடைவெளிதான் நடுவில் வரும்.

அளவுகோலைவிட நல்ல சாட்சி கூர்விளிம்புதான். 15 டிகிரி சரிவில் கால் மி.மீ. உயர வித்தியாசம் அந்த விளிம்பில் ஏறக்குறைய 1 மி.மீ. கோணலாகப் பெரிதாகித் தெரியும். மூலைமட்டத்தை வையுங்கள். விளிம்பு கழுத்துக்குச் சரியான செங்கோணத்தில் இல்லையென்றால் சரிவு ஒருபக்கம் முறுக்கியிருக்கிறது. தலையும் அப்படியே முறுக்கி நிற்கும். உப்புத்தாளைப் பலகையில் ஒட்டித் தேய்த்துச் சரிசெய்யும் ஆசை வரும். வேண்டாம். ஓரங்கள் மழுங்கும், ஒட்டிய பின் அது கருங்கோடாகத் தெரியும்.

ஒட்டும்போது குழப்பம் வரும் இடம் ஒன்று. சாய்வையும் சாய்வையும் ஒட்டுவதில்லை. அப்படி ஒட்டினால் துண்டு பழையபடி நேராகும், அல்லது 30 டிகிரி மடங்கும். தலைத் துண்டின் சாய்வு, கழுத்தின் தட்டையான அடிப்பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். கழுத்தின் சாய்வு தலையின் முகப்போடு ஒரே தளமாகச் சேர்ந்துகொள்ளும். அந்தச் சேரும் கோட்டைப் பிறகு 2 மி.மீ. முகப்புத் தகடு மூடிவிடும்.

இரண்டாம் தவறு எல்லோரும் செய்வது. ஈரப்பசை தடவிய சாய்வை அழுத்தினால் அது வழுக்காமல் என்ன செய்யும்? நான் ஒருமுறை நான்கு கிளாம்ப் போட்டும் 3 மி.மீ. வழுக்கியது, இறுக்க இறுக்க அதிகம் போனது. பசை போடாமல் துண்டுகளைப் பொருத்தி இறுக்கி, 2 மி.மீ. துளை இரண்டு போட்டு மூங்கில் குச்சி செருகுங்கள். எங்கே? தந்தி சுற்றும் முறுக்காணி உருளைகளுக்காகத் தலையில் வெட்டப்போகும் இரண்டு நீள்துளைகளின் இடத்தில். பின்னால் அந்த மரமே போய்விடும், குச்சியும் அதோடு போகும். இரும்பு ஆணி போட்டு மறந்தால் வாளின் பல் போகும்.

பசை விஷயத்தில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சத் தெரிந்தால் அதுவே நல்லது. 60 டிகிரி சூட்டில் வைத்து, மரத்தையும் சூடாக்கி, ஒரு நிமிடத்துக்குள் மூட வேண்டும். முதல் கிட்டாருக்கு அந்தப் பதற்றம் வேண்டாமென்றால், காய்ந்தபின் கெட்டியாகும் மஞ்சள் மரப்பசையை எடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை, தந்தியின் இழுவையும் வெயில் சூடும் சேர்ந்தால் மெல்ல நழுவக்கூடியது. தட்டையான கனத்த கட்டை ஒன்றை மேலே வைத்து, நடுவே பாலிதீன் தாள் போட்டு, மூன்று கிளாம்பால் அளவாக இறுக்குங்கள். விளிம்பெங்கும் சிறு மணிகளாகப் பசை வெளிவந்தால் போதும். ஒரு நாள் தொடாதீர்கள்.

காய்ந்ததும் முகப்பை இழைத்துச் சமப்படுத்தும்போது கவனம். அங்கே 1 மி.மீ. எடுத்தால் நட் நிற்கும் கோடு கிட்டத்தட்ட 4 மி.மீ. உடற்பக்கம் நகரும். அதனால் கழுத்தின் மறுமுனையை முன்கூட்டியே அளவுக்கு வெட்டிவிடாதீர்கள்.

இதையெல்லாம் விலையுயர்ந்த செடார் மரத்தில் தொடங்க வேண்டாம். நேர் ரேகை உள்ள மலிவான பலகையில் நான்கைந்து இணைப்புகள் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவைத்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடையுங்கள். பசைக்கோட்டில் பளபளப்பாகத் திறந்தால் முகம் பொருந்தவில்லை அல்லது பசை பட்டினி கிடந்திருக்கிறது. மரநார் கிழிந்து ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்ததாகச் செடாரை அறுக்கலாம்.