கேஸ் குழாய் மின் மீட்டரை ஒட்டிப் போகலாமா?

கேள்வி: லண்டனில் வாங்கிய பழைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே கேஸ் குழாய் மின் மீட்டரை உரசிக்கொண்டு போகிறது. ஆபத்தா?

இருக்கக் கூடாதுதான். பிரிட்டனின் பிஎஸ் 6891 தரவிதிப்படி மீட்டர், ஃபியூஸ் போர்டு, சுவிட்ச், பிளக் பாயின்ட் இவற்றிலிருந்து குழாய் குறைந்தது 150 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். பக்கத்தில் போவது கேபிள் மட்டும்தான் என்றால் 25 மி.மீ. போதும். இடமே இல்லாவிட்டால் நடுவில் மின்கடத்தாத பலகை வைத்துத் தடுக்கலாம்.

கசிந்த வாயு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும் என்பது மட்டுமல்ல காரணம். கேபிளின் மேலுறை குழாயில் தேய்ந்து கிழிந்தால் குழாயிலேயே கரன்ட் ஏறும். அங்கே பளிச்சென்று ஒரு பொறி வெட்டினால் செம்புக் குழாயில் ஓட்டையே விழலாம். அதனால் டார்ச் அடித்து இன்னொன்றையும் பாருங்கள்: கேஸ் மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம், 600 மி.மீ.க்குள், பச்சை-மஞ்சள் எர்த் ஒயர் குழாயோடு கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறதா? என்னைக் கேட்டால், இடைவெளி குறைவதைவிட அது இல்லாததுதான் பெரிய குறை.

பழைய வீடுகளில் இப்படி இருப்பது சகஜம், பதற வேண்டாம். குழாயை மட்டும் நீங்களே வளைக்கப் போகாதீர்கள். கேஸ் வேலை செய்பவர்களுக்கான பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பதிவேடான ‘கேஸ் சேஃப்’-இல் பதிவு உள்ளவர்தான் அதில் கை வைக்கலாம். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999-க்குக் கூப்பிடுங்கள்.