குட்டை நீர் ஆவியாகிறதா, கிணற்றுக்குப் போகிறதா?

கேள்வி: பண்ணைக்குட்டை மழையில் நிரம்பினாலும் அடுத்த மழைக்குள் பாதிக்கு மேல் வற்றிவிடுகிறது. கசிவு என்றால் அடியில் பாலித்தீன் விரிப்பு போட நினைக்கிறேன். ஆனால் குட்டை வெட்டிய பிறகு பக்கத்துக் கிணற்றில் மட்டம் ஏறியதுபோலவும் தெரிகிறது. ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாமாமே?

பதில்: கண்டுபிடிக்கலாம். ஆனால் ஆவியா, கசிவா என்று பார்க்க மட்டும் அவ்வளவு தூரம் போகவேண்டாம். அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும். அதில் குட்டை நீரையே ஊற்றி, குட்டைக்குள் பாதி மூழ்கியபடி அசையாமல் நிறுத்துங்கள். மழை இல்லாத, மோட்டார் ஓடாத, மாடு இறங்காத நாலைந்து நாள் இரண்டு மட்டத்தையும் குறித்துவாருங்கள். தொட்டியில் 30 மி.மீ., குட்டையில் 80 மி.மீ. இறங்கியிருந்தால், மிச்சம் 50 மி.மீ. மண்ணுக்குள் போயிருக்கிறது.

அந்த நீர் உங்கள் கிணற்றுக்கே வந்தால் அது நட்டமல்ல, விரிப்புதான் வீண்செலவு. ஐசோடோப் உதவுவது இங்கேதான்.

எந்த நீரிலும் கனமான மூலக்கூறுகள் கொஞ்சம் கலந்திருக்கும். கடல்நீரில் பத்தாயிரம் ஆக்சிஜன் அணுவுக்கு ஏறக்குறைய 20 ஆக்சிஜன்-18 (கனமான ஆக்சிஜன்). பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்கு ஏறக்குறைய 156 டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்). இவை கதிர்வீச்சு இல்லாதவை, பயம் வேண்டாம். வெயிலில் இலேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு காற்றில் ஏறிவிடும். குட்டையில் கனமானவற்றின் விகிதம் கூடும். மண்ணில் கசியும்போது இப்படிப் பிரிவதில்லை. வேர் உறிஞ்சும்போதும் பெரும்பாலும் இல்லை. அதனால் குட்டையில் ஆவியானது போக மிஞ்சிய நீர், கிணற்றுக்குப் போனாலும் அந்த அடையாளத்தோடுதான் போகும்.

ஆய்வகத்தில் ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் இரண்டு அளவையும் கேட்டு வாங்குங்கள். கடல்நீரைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்றுதான் இவற்றைச் சொல்வார்கள்; குறைவு என்றால் கழித்தல் குறி வரும். ஒன்றை மட்டும் வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள். மழைக்கு மழை, பருவத்துக்குப் பருவம் அது தானாகவே மாறும். உலகெங்கும் மழைநீரில் டியூட்டீரியம் அளவு, ஆக்சிஜன்-18 அளவைப்போல் 8 மடங்குடன் 10 சேர்த்தால் வருவதற்கு நெருக்கமாக இருப்பதை 1961-இல் ஹார்மன் கிரெய்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். வரைபடத்தில் இது ஒரு நேர்கோடு. ஆவியானது போக மிஞ்சிய நீர் இந்த நேர்கோட்டிலிருந்து விலகும்; 8 மடங்கு என்பது குளம், குட்டைகளில் பெரும்பாலும் 4 முதல் 6 மடங்காகக் குறையும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு விலகல்.

மாதிரி மூன்று வேண்டும்: குட்டை, உங்கள் கிணறு, குட்டைநீர் எட்டாத தூரத்துக் கிணறு ஒன்று. கோடையின் பின்பகுதியில் எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உதாரணத்துக்கு ஆக்சிஜன்-18 குட்டையில் -2, தூரத்துக் கிணற்றில் -6, உங்கள் கிணற்றில் -4 என்று வந்து, டியூட்டீரியமும் அதற்கு ஒத்துப்போனால், உங்கள் கிணற்றில் ஏறக்குறைய பாதி குட்டைநீர். பக்கத்தில் ஏரியோ வாய்க்காலோ இருந்தால் அதிலும் ஒரு மாதிரி எடுங்கள். அங்கும் ஆவியானது போக மிஞ்சிய நீர்தானே, பழியைக் குட்டைமேல் போட்டுவிடக்கூடாது.

பாட்டிலை நீருக்குள் முழுக்க அமிழ்த்தி, குமிழி இல்லாமல் நிரப்பி, உள்ளேயே மூடியை இறுக்குங்கள். காற்று இடைவெளி விட்டு வெயிலில் வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே ஆவியாகிக் கணக்கு கெட்டுவிடும். கிணற்றில் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். அமிலமோ மருந்தோ எதுவும் சேர்க்கவேண்டாம்.

முடிவு வரும்வரை விரிப்புக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.