வீட்டில் சீனம் பேசி வளர்ந்தவர், பெரியவரான பிறகு அதை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

என் தாயார் சீன மொழிவகைகளுள் ஒன்றான கண்டனீஸ் பேசும் சீனர், தந்தை தமிழர். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்த நான், அம்மாவைப் பெற்ற பாட்டியான போபோவிடம் நாள் முழுவதும் கண்டனீஸில்தான் பேசுவேன். ஆனாலும் முப்பது வயதைக் கடக்கும்வரை எனக்குச் சீனத்தில் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நிச்சயமாக முடியும். ஆனால் சீனமே அறியாதவர்களுக்காக வகுத்த பாடமுறை உங்களுக்குப் பொருந்தாது.

உங்களிடம் ஏற்கெனவே ஒலி இருக்கிறது. அதுவே பெரிய முதல். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை, பொருளைச் சுட்டும் ஒரு பகுதியும் ஒலியைச் சுட்டும் ஒரு பகுதியும் சேர்ந்து அமைந்தவை. எடுத்துக்காட்டாக, பசுமையைக் குறிக்கும் 'ச்சிங்' என்ற எழுத்தை வலப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று துளிகளை இட்டால் 'தெளிந்த' என்றும், சூரியனை இட்டால் 'வெயில் தெளிந்த வானிலை' என்றும், நெஞ்சை இட்டால் 'உணர்வு' என்றும், பேச்சைக் குறிக்கும் உறுப்பை இட்டால் 'வேண்டுதல்' என்றும் பொருள்படும். நான்கும் 'ச்சிங்' என்றே ஒலிக்கும். குரலின் ஏற்ற இறக்கமான தொனி மட்டுமே மாறும். புதிதாகக் கற்பவர் சொல்லையும் எழுத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்க, நீங்கள் சிறுவயது முதல் வாயில் வைத்திருக்கும் சொல்லுக்கு உருவத்தை மட்டும் பொருத்தினால் போதும். ஆகவே எழுத்துகளைத் தனித்தனியாகப் படிக்காமல், ஒரே ஒலிப்பகுதி உடையவற்றைக் குடும்பமாகச் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் வீட்டுமொழி, சீனாவின் பொதுமொழியான மாண்டரின் அல்லாமல் கண்டனீஸோ, ஹொக்கியன் என்னும் மற்றொரு மொழிவகையோ ஆனால் இன்னொரு தடையும் உண்டு. இன்றைய பொது எழுத்துநடை மாண்டரினை அடிப்படையாகக் கொண்டது. சாப்பிடுவதை நாங்கள் 'சிக் ஃபான்' என்போம். பாடநூலிலோ மாண்டரினின் 'ச்சி ஃபான்' இருக்கும், முதல் எழுத்தே வேறு. அவன், இல்லை, உடைய என்பன போன்ற அன்றாடச் சொற்களிலும் இதே வேறுபாடு இருப்பதால், அவற்றை மட்டும் தொடக்கத்திலேயே தனியாகப் பயின்றுவிடுவது நல்லது. அதன்பின் வாசிப்பு வியக்கத்தக்க வேகத்தில் முன்னேறும்.

கையால் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் பின்யின், அதாவது மாண்டரின் ஒலியை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையில் தட்டினால் எழுத்து தானாக வந்து நிற்கும். ஆனால் கண் அதன் உறுப்புகளை உற்று நோக்காது. ஒரு செங்குத்துக் கோட்டைக் குறுக்கே வெட்டும் இரண்டு படுக்கைக் கோடுகளில் மேற்கோடு குட்டையாக இருந்தால் 'இன்னும் இல்லை', அதுவே நீளமாக இருந்தால் 'முடிவு'. கீழே பிரியும் இரு சாய்கோடுகள் இரண்டுக்கும் பொது. கட்டம் போட்ட பயிற்சி ஏட்டில் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, முறை தவறாமல் எழுதிய கைக்கு இந்த வேறுபாடு மறக்காது.

கோடுகளைக் குறைத்த எளிய வடிவமா, பழைய மரபு வடிவமா என்பதை உங்கள் நோக்கமே முடிவு செய்யட்டும். மலேசியச் சீனப்பள்ளிகள் கற்பிப்பது, சீனா 1956இல் அறிமுகப்படுத்திய எளிய வடிவத்தை. பிள்ளைகளின் பாடநூலை வாசிப்பதே நோக்கமானால் அது போதும். எனக்கோ, முன்னோர் கல்லறைகளுக்குச் சென்று வழிபடும் செங் பெங் நாளில் குடும்பக் கல்லறையின் மேல் பொறித்திருக்கும் பூர்விக மாவட்டத்தின் பெயரையும் முன்னோர் பெயர்களையும் நானே வாசிக்க வேண்டும் என்ற ஆவல் இருந்தது. அவை மரபு வடிவத்தில் இருந்ததால் அதிலேயே தொடங்கினேன். பேச்சைக் குறிக்கும் உறுப்பு எளிய வடிவத்தில் 2 கோடுகள், மரபு வடிவத்தில் 7. எழுதக் கூடுதல் உழைப்பு வேண்டும் என்பது உண்மை, ஆனால் ஒன்றைக் கற்றவருக்கு மற்றதை வாசிப்பது கடினமன்று.

சீனாவில் 2013இல் வெளியிடப்பட்ட அதிகாரப்பூர்வப் பட்டியலில் 8105 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் அன்றாடப் புழக்கத்துக்கான முதல் நிலையில் இருப்பவை 3500. உங்கள் இலக்காக அந்த 3500ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரை அமர்த்தினால், உங்களுக்குப் பேச்சு நன்றாக வரும் என்பதை முதல் நாளிலேயே சொல்லி, வணக்கம், நலமா என்னும் பாடங்களைத் தவிர்த்து நேராக எழுத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.